பழைய தடாகமும் மலையின் நீரும்

ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் துரை பங்களா மேட்டிலும், தொழிலாளரின் லயங்கள் பெரும்பாலும் அதன் கீழ்ச் சரிவிலும் அமைந்திருக்கக் காணலாம். அப்பங்களாக்கள் சிலவற்றின் முற்றத்திலே, நிலத்தைத் தோண்டிக் கட்டிய நீச்சல் தடாகங்களும் உள்ளன. 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 2005 ஆம் ஆண்டளவில் காசல்ரீ, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களிலுள்ள பழைய பங்களாக்கள் சில உல்லாசப் பயணிகளின் விடுதிகளாக மாறின. ஆதலின் பழையதைப் புதுக்கும் வேலை இம்மலைநாட்டுக்குப் புதியதன்று.

பழைய தடாகமொன்றைப் புதுக்க முற்படுவோர் முதலிற் காண்பவை, வெடித்த சுவரும் பாசி படர்ந்த தரையுமே. உடனே நீரை இறைத்துவிட்டு, மேசனை அழைத்து, வெடிப்பைச் சீமெந்தால் அடைத்துவிடலாம் என எண்ணுகின்றனர். அவ்வாறு செய்வதனால் தடாகமே பாழாதல் கூடும். ஏனெனில் தடாகத்தின் பெரும் பகை அதன் உள்ளே நிற்கும் நீரன்று. வெளியே, மண்ணுக்குள் மறைந்து நிற்கும் நீரேயாகும்.

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளை இதற்கு அண்மையிலேயே இருக்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவ மழை சரிவில் ஊறிக் கீழிறங்கும். கடும் பாறையைத் தொட்டதும் அதன் மேலாகப் பக்கவாட்டில் நகரும். அந்நீரின் பாதைக்குக் குறுக்கே கட்டப்பட்ட தடாகம் ஓர் அணையைப் போல நின்று அதனை மறிக்கின்றது. மேட்டுப்புறச் சுவரின் பின்னே கட்டியோர் இட்ட கல்வடிகால், ஆண்டுகள் பல கழிய, வண்டல் புகுந்து அடைபட்டு விட்டால் நீர் அங்கேயே தேங்கும்.

இதன் வலிமை எத்துணை என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமும் உடைய தடாகம் 75,000 லீற்றர் நீரைக் கொள்ளும். அந்நீரின் நிறை 75 தொன். சுவரும் தரையும் 20 சென்ரிமீற்றர் தடிப்புள்ள கொங்கிறீட்டாயின், அக்கட்டடத்தின் நிறை ஏறக்குறைய 45 தொன். சுற்றியுள்ள மண்ணில் நீர் விளிம்புவரை ஏறியிருந்தால், அது தடாகத்தை மேல்நோக்கித் தள்ளும் விசை 90 தொன்னுக்கு மேற்படும். உள்ளே நீர் இருக்கும்வரை அதன் பாரம் கட்டடத்தை அழுத்தி வைத்திருக்கின்றது. மழைக்காலத்தில் அதனை இறைத்துவிட்டால், 45 தொன் கட்டடம் ஓடத்தைப் போல எழும்ப முயலும்; தரை பிளக்கும், குழாய்கள் முறியும்.

ஆகவே வேலைக்கு உரிய காலம் மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே. அப்போதும் தடாகத்தின் அருகே குழியொன்று தோண்டி, நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கின்றது எனப் பார்த்த பின்னரே இறைத்தல் வேண்டும்.

நீர் கசிகின்றதா, ஆவியாகின்றதா என்னும் ஐயத்தைத் தீர்க்க எளிய வழியொன்றுண்டு. ஒரு வாளியில் தடாகத்து நீரையே நிரப்பிப் படியின்மீது வைத்து, வாளியிலும் தடாகத்திலும் நீர்மட்டத்தைக் குறித்துவிட வேண்டும். 24 மணி நேரத்தின் பின், தடாகத்தின் மட்டம் வாளியினதைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு உண்டென்பது தெளிவு. சுவரைக் குழாய்கள் ஊடுருவும் இடங்களையே முதலில் ஆராய வேண்டும்.

இறைத்த பின், சிறு சுத்தியலால் சுவரைத் தட்டிப் பார்த்தால், பூச்சு பிடிவிட்ட இடங்கள் பொள்ளென ஒலிக்கும். அங்கே பூச்சை உடைத்தெடுத்து, உள்ளே துருவேறிய கம்பிகளைத் தூய்மை செய்து அல்லது மாற்றிப் பின்னரே புதுப் பூச்சு இடுதல் முறை. புதுப் பூச்சு குறைந்தது ஏழு நாளேனும் ஈரமாக இருத்தல் வேண்டும். மலையூற்று நீர் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீராதலின் சீமெந்திலுள்ள சுண்ணாம்பை மெல்ல மெல்லக் கரைக்கும். அதன் இயல்பைச் சோதித்துச் சீர்செய்யாவிடில் புதுப் பூச்சும் விரைவில் சொரசொரப்பாகிவிடும். இவையெல்லாவற்றினும் முதன்மையானது, மேட்டுப்புறத்தில் புதிய வடிகால் வெட்டிக் கல்லும் துளைக்குழாயும் இட்டு, மண்ணுக்குள் ஊறும் நீருக்கு வழி விடுவதாகும்.

பண்டையோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அநுராதபுரத்து இரட்டைத் தடாகமாகிய குட்டம் பொக்குணவில், நிலத்தடி வாய்க்கால் வழியே வந்த நீர், சிறு தொட்டியொன்றில் வண்டல் படிந்து தெளிந்த பின்னரே மகர வாய் வழியாக உள்ளே புகுந்தது. நீர் வரும் வழியும் போகும் வழியும் சேர்ந்ததே தடாகம் என்பது அவர்தம் கொள்கை.

போகும் வழி என்று சொல்லும்போதுதான் மலைநாட்டில் மனிதர் நினைவுக்கு வருதல் வேண்டும். மேட்டில் இறைத்த 75,000 லீற்றர் நீர் எங்கே செல்லும்? கீழே தேயிலைச் சரிவு, அதன்கீழ் லயம், லயத்தாரின் குடத்துக்கு நீர் தரும் பீலி. குளோரின் கலந்த நீர் ஓடையிற் கலந்தால் மீன்கள் மடியும், ஊற்றுக்கண் கெடும். ஒரே இரவில் சரிவில் திறந்துவிட்டாலோ, மண் அரித்துப் பெயரக்கூடும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில், மழைநீர் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து லயங்களைப் புதைத்தது. அது மழையின் விளைவு, தடாகத்தின் விளைவன்று. ஆயினும் நீர் ஊறிய சரிவு எத்தகையது என்பதை மலைநாட்டார் அறிய அஃதொன்றே போதும்.

எனவே குளோரின் இடுவதை முன்னரே நிறுத்தி, வெயிலில் அது நீங்கியதைச் சோதித்தறிந்து, உறுதியான கான் வழியே நாட்கள் பலவாகச் சிறிது சிறிதாக நீரை விடுதல் வேண்டும். சரிவின் உறுதியைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுதல் நன்று. வேலை தொடங்கும் நாளையும் நீர் செல்லும் திசையையும் லயத்தாருக்கு முன்னறிவித்தல் அதனினும் நன்று. அச்சரிவில் எந்த இடத்தில் எந்த மாதம் ஊற்றெடுக்கும் என்பதை, தலைமுறை தலைமுறையாக அங்கே கான் வெட்டியவர்களைவிட நன்கறிந்தவர் எவருமிலர். பங்களாவின் தடாகம் திருத்தமுற வேண்டுமாயின், முதலிற் கேட்க வேண்டியது அவர்களையே.