மான்களின் எண்ணிக்கையும் மக்களின் உரிமையும்

(தாராவியில் தமிழ்த் தோழர்களுக்கு நடத்தப்பட்ட அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்தும் தாராவித் தொழிலாளிக்குக் காட்டு மான்களைப் பற்றி என்ன கவலை என்ற வினா எழக்கூடும். தாராவியின் ஓரமாக ஓடி மாகிம் கழிமுகத்தில் கலக்கும் மித்தி ஆறு, விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறக்கிறது. விகார் ஏரி அமைந்திருப்பது சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டில். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, மித்திக் கரையின் உழைப்பாளர் குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கின. மழைநீரைத் தாங்கி நிறுத்தும் காடு குறையுமானால், அதன் விலையை முதலில் செலுத்துவோர் இம்மக்களே.

அக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். புள்ளிமான், திருநெல்வேலிச் சீமையில் மிளா என்று வழங்கும் கடமான், கேளையாடு, சருகுமான் ஆகியவை அங்கு வாழ்கின்றன. அவற்றை இரையாகக் கொள்ளும் சிறுத்தைகள் 2015இல் நடந்த கேமராக் கணக்கெடுப்பில் 35 எனவும், 2018இல் 47 எனவும் பதிவாயின. மான்கள் குறைந்தால் சிறுத்தை குப்பைமேட்டு நாய்களைத் தேடிக் குடியிருப்புகளின் விளிம்புக்கு வரும். இரைகொல்லி இல்லாத இடத்தில் மான்கள் பெருகினாலோ இளங்கன்றுகள் மேயப்பட்டுக் காடு மறுபடி முளைக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அந்தமான் தீவுகளில் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள் இதற்குச் சான்று. அவற்றை வேட்டையாடும் விலங்கு அங்கு இல்லாமையால், தீவுக் காடுகளின் இளஞ்செடிகள் இன்றளவும் சேதமுறுகின்றன.

இந்தச் சமநிலையை எவ்வாறு காப்பது? மேலிருந்து வரும் விடை எப்போதும் ஒன்றே: ஆளை அகற்று, இல்லையேல் விலங்கைச் சுடு. 1997இல் மும்பை உயர்நீதிமன்றம் பூங்காவுக்குள் இருந்த குடிசைகளை அகற்ற ஆணையிட்டது. 1995 ஜனவரி 1க்கு முன் குடியேறியவர் எனச் சான்று காட்ட இயலாதோருக்கு மாற்றிடமும் இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. அதன் பின்னரும் 2002 முதல் 2004 வரை சிறுத்தைத் தாக்குதல்கள் பெருகிப் பலர் உயிரிழந்தனர். வேறிடங்களில் பிடிபட்ட சிறுத்தைகளை இக்காட்டில் கொணர்ந்து விட்டதும் சிக்கலை வளர்த்தது என்று ஆய்வாளர்கள் சுட்டினர். பீகாரில் 2016இல் மொகாமா பகுதியில் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட வேட்டையாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட நீலமான்களைச் சுட்டு வீழ்த்தினர். பயிரிழந்த உழவரின் துயரம் மெய்யானதே. ஆயினும் மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் ஏன் அழிந்தன என்ற வினாவுக்குத் துப்பாக்கி விடை தராது.

மாற்று வழியும் மும்பையிலேயே உருவாயிற்று. 2011இல் வனத்துறை, ஆய்வாளர்கள், குடியிருப்பு மக்கள், காவல்துறை, ஊடகம் ஆகியோரை இணைத்து ஒரு முயற்சி தொடங்கியது. குப்பையை அகற்றினால் நாய்கள் குறையும், நாய்கள் குறைந்தால் சிறுத்தை விளிம்புக்கு வருவதும் குறையும், இருட்டில் குழந்தைகளைத் தனியே அனுப்பலாகாது, சிறுத்தை தென்பட்டால் கூட்டம் கூடித் துரத்தலாகாது என்பன போன்ற எளிய செய்திகள் வீடுதோறும் கொண்டுசெல்லப்பட்டன. தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. கூண்டு சாதிக்காததை வட்டார ஒருங்கிணைப்பு சாதித்தது.

ஆனால் யாருடைய ஒருங்கிணைப்பு? இதுவே அரசியல் வினா. ஸ்காட்லாந்தில் மான்களின் எண்ணிக்கையை முறைப்படுத்த வட்டாரக் குழுக்கள் உண்டு. அவற்றில் பெருநில எஸ்டேட்டுகளின் கையே ஓங்கியிருக்கிறது. அந்த எஸ்டேட்டுகளின் வரலாற்றை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விவரித்துள்ளார். 1814 முதல் 1820 வரை சதர்லாந்துச் சீமாட்டி ஏறத்தாழ 3,000 குடும்பங்களை, அதாவது 15,000 மக்களை, அவர்தம் மண்ணிலிருந்து துரத்தினார். மனிதர் இருந்த இடத்தில் முதலில் ஆடுகள் வந்தன. பின்னர் ஹைலாண்ட்ஸின் ஆட்டு மேய்ச்சல் நிலங்கள் பலவும் சீமான்களின் வேட்டைக்கான மான் காடுகளாயின.

இந்தியாவில் உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேறு பாதையைக் காட்டுகிறது. காட்டையும் வனவிலங்கையும் காக்கும் அதிகாரத்தை அதன் 5ஆம் பிரிவு கிராம சபைக்கு வழங்குகிறது. இதே மராட்டிய மண்ணில், கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா கிராமம் 2009இல் சமூக வன உரிமை பெற்றுத் தன் காட்டைத் தானே ஆள்கிறது. 1945இல் கோதாவரி பருலேகர் முதலான கிசான் சபைத் தலைவர்களுடன் கொத்தடிமை முறையை எதிர்த்து எழுந்த வார்லி மக்களின் உறவினர், பூங்காவிலும் ஆரேயிலும் உள்ள பாடாக்களில் இன்றும் நில உரிமைக்காகப் போராடுகின்றனர். மானின் தடத்தையும் சிறுத்தையின் வழியையும் தலைமுறைகளாக அறிந்த அவர்களுக்கு நிர்வாகத்தில் இடமில்லை. ஆனால் 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக ஆரேயில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட அரசு இரவையும் பொருட்படுத்தவில்லை.

பூங்கா மக்களுக்கு 1995 ஜனவரி 1 என்றால், தாராவி மக்களுக்கு 2000 ஜனவரி 1. அந்தத் தேதிக்குப் பின் குடியேறியோருக்குத் தாராவிக்குள் இடமில்லை என்கிறது மறுசீரமைப்புத் திட்டம். அங்கே காட்டின் பெயரால், இங்கே வளர்ச்சியின் பெயரால் வெளியேற்றப்படுவோர் ஒரே வர்க்கத்தினர்.

ஆகவே மூன்று கடமைகள் உள்ளன. வார்லி மக்களின் வன உரிமைப் போராட்டத்திற்குத் தாராவிக் கிளைகள் துணை நிற்க வேண்டும். மித்திக் கரையிலும் காட்டு விளிம்பிலும் குப்பை அகற்றலை மாநகராட்சியின் பொறுப்பாக்கி, அதனைச் செய்யும் துப்புரவுத் தொழிலாளரின் பணி நிரந்தரத்தையும் சேர்த்துக் கோர வேண்டும். காட்டை நிர்வகிக்கும் ஒவ்வொரு குழுவிலும் அங்கு வாழும் மக்களின் பிரதிநிதிகள் வாக்குரிமையோடு அமர வேண்டுமென வலியுறுத்த வேண்டும். மான்களின் எண்ணிக்கையைக் காடு தாங்கும் அளவில் வைத்திருப்பது, அக்காட்டில் வாழ்வோரின் கையில் அதிகாரம் இருக்கும்போதுதான் நிலைக்கும்.