குடித்தவன் என்று கடந்து போகாதீர்கள்

வெயிலில் நிற்பவர்கள் தயவுசெய்து வணிகர் சங்கத்தின் இந்த மோர்ப் பந்தலுக்குள் வந்துவிடுங்கள். வெயில் நோயைப் பற்றிப் பேச வந்தவனே நாலு பேரை மயங்க வைத்தான் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

மதியம் இரண்டு மணி. பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒருவர் தள்ளாடுகிறார். வாய் குழறுகிறது. பெயர் கேட்டால் ஊரைச் சொல்கிறார். கைலி அவிழ்வதுகூடத் தெரியவில்லை. நாம் என்ன சொல்லுவோம்? "பட்டப்பகல்லயே ஏத்திட்டான் பாரு." சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். அவர் காலையிலிருந்து கான்கிரீட் தளத்தில் கம்பி கட்டியவராக இருக்கலாம். உடம்புச் சூடு 104 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அந்தச் சூட்டில் மூளை தடுமாறும்போது வரும் பேச்சு அது. கழுத்திலும் மார்பிலும் கை வைத்துப் பாருங்கள், கொதிக்கும். சரி, குடித்தவராகவே இருக்கட்டும். குடித்த உடம்பை வெயில் இன்னும் சீக்கிரம் சாய்த்துவிடும். அவரையும் நிழலுக்குத் தூக்க வேண்டியதுதான்.

"வேர்த்துக் கொட்டுதே, அப்புறம் எப்படி வெயில் அடிச்சிருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் புழுக்கத்தில் கிடக்கும் முதியவருக்குத் தோல் காய்ந்து போகலாம். பாடுபடுகிறவர் சட்டை நனைய நனையவே விழுவார். ஆகவே வியர்வையைப் பார்க்காதீர்கள், பேச்சைக் கவனியுங்கள்.

கெண்டைக்கால் இழுக்கிறது, தலை வலிக்கிறது, குமட்டுகிறது, ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது என்றால் நிழலும் ஓய்வும் உப்புப் போட்ட மோருமே பெரும்பாலும் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்தும் கொடுக்கலாம்.

பேச்சு பிசகிவிட்டால் கதையே வேறு. 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். சட்டையைக் கழற்றித் தலைமுதல் கால்வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள், அட்டையோ துண்டோ கொண்டு விசிறுங்கள். ஜூஸ் கடையில் ஐஸ் இருக்கும். துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். "சூட்டு உடம்பில பச்சத்தண்ணி ஊத்துனா ஜன்னி வரும்" என்று ஒரு பெரியவர் நிச்சயம் தடுப்பார். அவரைத்தான் முதலில் ஓரமாக உட்கார வைக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் விழுந்தவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். நினைவில்லாதவர் வாயில் சோடா ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். காய்ச்சலில் மூளையே சூட்டை ஏற்றி வைக்கிறது, மாத்திரை அதை இறக்கும். இங்கே சூடு மூளையின் பிடியை மீறிப் போய்விட்டது. மாத்திரை எதுவும் செய்யாது, ஈரலைத்தான் கெடுக்கக்கூடும்.

நமக்கென்ன, தூத்துக்குடியில் கடற்காற்று இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 6, சென்னை மெரினா. விமான சாகசம் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். கத்திரி வெயிலா? இல்லை, புரட்டாசி மாதம். ஐந்து பேர் இறந்தார்கள். மண்பானையில் கசியும் நீர் காற்றில் ஆவியானால்தான் பானை குளிரும், உடம்பும் அப்படித்தான். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழியும், ஆனால் காயாது. சூடு உள்ளேயே நிற்கும்.

அதே அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல காரியம். ஆனால் வெயிலால் இறந்தார் என்று பதிவானால்தானே பணம் வரும்? 'போதையில் விழுந்து கிடந்தார்' என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை அந்தக் குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டுவிடும்.

கடைசியாக ஒன்று. நம் உப்பளத்துப் பெண்கள் பலர் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. தாகம் இல்லாமலா? ஒதுங்க இடமில்லை. வீதியில் பூ விற்கிறவருக்கும், சிக்னலில் நிற்கும் பெண் காவலருக்கும் அதே பாடுதான். ஆயிரம் தம்ளர் மோர் வைத்தாலும் அவர்கள் அரைத் தம்ளரோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே வணிகர் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். இந்தப் பந்தலில் இரண்டு வாளியும் ஒரு கயிற்றுக் கட்டிலும் போடுங்கள். கூடவே, கழிப்பறை உள்ள கடைக்காரர்கள் ஆடி பிறக்கும்வரையாவது பெண்களுக்கு அதைத் திறந்துவிடுங்கள், வாசலில் ஒரு அட்டையும் எழுதித் தொங்கவிடுங்கள். முதல் அட்டை எந்தக் கடையில் தொங்கப்போகிறது? பெயர் கொடுப்பவர்கள் சங்கச் செயலாளரிடம் இப்போதே கொடுக்கலாம்.