தக்கோலத்தில் அம்பு தவறியிருந்தால்



அரக்கோணத்தை அடுத்துள்ள தக்கோலம் இன்று ஒரு சிற்றூர். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருவூறல் அதுவே. தேவாரம் பயின்றோர் அவ்வூர்ப் பெயரைக் கேட்டதும் கோயிலை நினைப்பர். வரலாறு பயின்றோர் கி.பி. 949இல் அங்கே யானைமேல் இருந்தவாறே உயிர்நீத்த சோழ இளவரசன் இராசாதித்தனை நினைப்பர். சோழர் பற்றிய பேச்சு எழும் அவைகளில் தக்கோலம் வந்த மாத்திரத்தே ஒரு வினாவும் உடன்வந்து அமர்ந்துகொள்கிறது: அந்த அம்பு தவறியிருந்தால்?

இவ்வகை வினாவை மதியாத வரலாற்றறிஞர் பலர். ஈ.எச். கார் 1961இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதனைப் பொழுதுபோக்கு விளையாட்டென்று ஒதுக்கினார். ஆயினும் வினா மிகப் பழையது. உரோம நாட்டு லிவி, தம் பெருநூலின் ஒன்பதாம் பகுதியில், அலெக்சாந்தர் மேற்கே திரும்பி உரோமை எதிர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு, உரோமே வென்றிருக்கும் என்று முடிவும் கட்டினார். கேட்டவர் உரோமர், தீர்ப்பும் உரோமுக்கே! 'இப்படி நிகழ்ந்திருந்தால்' என்று தொடங்கும் வாதங்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்த நோய் இது. களத்தில் கிட்டாத வெற்றியைச் சொல்லால் ஈட்டிக்கொள்ளும் முயற்சியாகவே அவை முடிகின்றன. 1931இல் ஸ்கொயர் தொகுத்த கட்டுரை நூலில் சர்ச்சில் இதனைச் சுவையாகத் தலைகீழாக்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தைத் தளபதி லீ வென்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அந்த உலகத்தில் வாழும் ஒருவர் 'லீ வெல்லாதிருந்தால்' என்று எழுதுவதுபோல் அவர் புனைந்தார். விளையாட்டுத்தான், ஆனால் நிகழ்ந்ததும் ஒரு காலத்தில் நிகழக்கூடியவை பலவற்றுள் ஒன்றாகவே இருந்தது என்பதை அது உணர்த்துகிறது.

தக்கோலத்திற்கு வருவோர் முதலில் கல்லையும் செப்பையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு, கிருட்டிணராசனின் கூரிய அம்புகள் பாய்ந்து இராசாதித்தன் யானைமேலிருந்தே விண்ணுலகு புகுந்ததாகப் பாடுகிறது. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டோ, கங்க மன்னன் பூதுகனே அவனைக் கொன்றான் என்கிறது. அதிலுள்ள ஒரு சொல்லுக்கு வஞ்சகம் என்று முதலில் பொருள் கொண்டனர். யானைமேல் இடும் அம்பாரியைக் குறிப்பதாகப் பின்னர்த் திருத்தினர். ஒரு சொல்லின் பொருள் மாறியதும் வஞ்சகன் ஒருவன் வீரனாகிவிட்டான்! இத்தனைக்கும் அந்தக் கல் நடப்பட்டது பூதுகனுக்காக அன்று. அவனுடைய வீரனாகிய மணலேரன் போரில் காட்டிய ஆற்றலுக்குப் பரிசாகத் தன் தலைவனிடம் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. அந்த நாயின் நினைவாக எழுந்த கல் இன்று பெங்களூரு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு பேரரசின் போக்கைத் திருப்பிய போரைப் பற்றிய முதன்மைச் சான்று ஒரு நாயின் நடுகல் என்பதைப் பாவலர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இனி வினா. அம்பு தவறியிருந்தால் சோழர் வென்றிருப்பரா?

தக்கோலம் திடீரென வந்த இடியன்று. முதற்பராந்தகன் வாணரையும் வைதும்பரையும் நிலம் இழக்கச் செய்தான். அவர்கள் இரட்டரை நாடினர். கங்க நாட்டில் பூதுகன் அரியணை ஏறினான். அவன் மூன்றாம் கிருட்டிணனின் தமக்கை கணவன். வடக்கிலிருந்து படை வரும் என்பதைப் பராந்தகனும் அறிந்தே இருந்தான். அதனாலன்றோ மூத்த மகனைத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் நிறுத்தினான்! இராசாதித்தனின் படைத்தலைவனாகிய சேரநாட்டு வெள்ளன் குமரன் 943இலேயே பெண்ணையாற்றங்கரைக் கிராமத்தில் கற்றளி எடுத்திருக்கிறான். போருக்கு ஆறாண்டு முன்னரே கோயில் கட்டும் அளவுக்கு அப்படை அங்கே வேரூன்றியிருந்தது. ஆகவே அம்பு தவறினாலும் எதிரிகளின் கூட்டணி கலைந்திராது; அடுத்த ஆண்டு மற்றொரு தக்கோலம் நிகழ்ந்திருக்கக்கூடும்.

ஆனால் இவ்வளவோடு நிறுத்துவது அந்த அம்புக்கு நேர்மை செய்வதாகாது. யானை வெறும் ஊர்தியன்று, அதுவே கொடி. அரசன் உயரத்தில் தெரியும் வரை படை நிற்கும், தெரியாதபோது கலையும். 1556இல் பானிப்பட்டில் வெல்லும் நிலையில் இருந்த ஏமுவின் கண்ணில் அம்பு பாய்ந்தது, படை சிதறியது. 1658இல் சாமுகர் களத்தில் தாரா சுக்கோ யானையிலிருந்து இறங்கிக் குதிரை ஏறினான். வெறுமையான அம்பாரியைக் கண்ட படை அவன் மாண்டானென்று ஓடியது. அங்கே அம்புகூடத் தேவைப்படவில்லை.

இதற்கு மறுப்பாக ஒரு களம் உண்டு, அதுவும் சோழருடையதே. 1054ஐ ஒட்டிப் பேராற்றங்கரைக் கொப்பத்தில் சாளுக்கிய ஆகவமல்லனோடு நிகழ்ந்த போரில், முதல் இராசாதிராசன் யானைமேலேயே மாண்டான். படை கலையத் தொடங்கிய வேளையில் தம்பி இரண்டாம் இராசேந்திரன் தன் யானையை முன்செலுத்தினான், புண்பட்டும் நின்றான், களத்திலேயே முடிகவித்துக்கொண்டான், ஆகவமல்லன் ஓடினான். சயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் சோழர் மரபைப் பாடுகையில் இச்செயலை மறவாது போற்றுகிறார். இராசாதித்தன், இராசாதிராசன் இருவரையுமே கல்வெட்டுகள் ஆனைமேல் துஞ்சினவர் என்று சொல்கின்றன. ஒரே பட்டம், ஒரே வகைச் சாவு. முடிவு மட்டும் நேர்மாறு. வரலாறு ஆய்வுக்கூடமன்று என்பர். எனினும் ஒரே குலத்தின் இரு களங்களை நூறாண்டு இடைவெளியில் அது அருகருகே வைத்திருக்கிறது. தலைவன் வீழ்ந்த மறுகணம் களத்தில் எவன் தெரிந்தான் என்பதே வேறுபாடு. கொப்பத்தில் தெரிந்தவனைப் போல ஒருவன் தக்கோலத்தில் படையைத் திருப்பி நிறுத்தியதாகச் சான்று இல்லை. ஆதலின் 'அம்பு தவறியிருந்தால்' என்பதைவிட 'இராசாதித்தன் அருகே இன்னொரு யானை இருந்திருந்தால்' என்பதே கூர்மையான வினா.

வாதிடுவோர் வழுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில்தான். இராசாதித்தன் பிழைத்தான், ஆகவே சோழர் வென்றனர், ஆகவே தொண்டை மண்டலம் நிலைத்தது, ஆகவே பாண்டியர் அடங்கினர், ஆகவே வடக்கும் வசமாயிற்று என்று அடுக்குவர். ஒவ்வோர் 'ஆகவே'க்கும் பத்துக்கு ஏழு வாய்ப்பு என்று தாராளமாகக் கொடுத்தாலும், நான்காம் 'ஆகவே'யில் முழுச்சங்கிலிக்கும் எஞ்சுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். வாதிடுபவரின் குரலோ ஒவ்வொரு படியிலும் உயர்ந்துகொண்டே போகிறது.

நிகழ்ந்தது இது: தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று, கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று கன்னரதேவன் பட்டம் பூண்டான், 959இல் மேல்பாடிப் பாசறையில் இருந்துகொண்டு தன்னைச் சார்ந்தோர்க்கு நாடு பகிர்ந்தான். வீரபாண்டியன் சோழன் தலைகொண்டவன் என்று தன்னை அழைத்துக்கொண்டான். சோழர்க்கு அவை இருண்ட ஆண்டுகள். ஆனால் 967இல் கிருட்டிணன் இறந்தான். 972இல் பரமாரர் மானியகேடத்தைச் சூறையாடினர். மறு ஆண்டே சாளுக்கிய இரண்டாம் தைலபன் இரட்டர் ஆட்சியை முடித்துவைத்தான். தக்கோலத்தில் வென்ற அரசு கால் நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை.

இராசாதித்தன் மூத்தவன், அவன் மாண்டதாலேயே அரசுரிமை கண்டராதித்தனுக்கு வந்தது, அவனுக்குப் பின் அரிஞ்சயன் கிளைக்குச் சென்றது. அரிஞ்சயன் மகன் சுந்தரசோழன். சுந்தரசோழனின் இளைய மகன் 985இல் அரியணை ஏறிய இராசராசன். தக்கோலத்து அம்பு தவறியிருந்தால், மூத்த கிளையே ஆண்டிருக்கும் வாய்ப்பு மிகுதி. அப்பொழுது 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் எங்கே? கங்கைகொண்ட சோழபுரம் எங்கே? 1025இல் கடாரம் சென்ற கலங்கள் எங்கே? அரசனாகவும் அடியவனாகவும் நின்று தில்லையைப் பாடிய கண்டராதித்தன் திருவிசைப்பா ஆசிரியருள் ஒருவனாகவே இருந்திருப்பான். ஆனால் அவன் தேவி செம்பியன் மாதேவிக்குக் கற்றளிகளை அத்துணை எண்ணிக்கையில் எடுக்கும் அரசியின் செல்வாக்குக் கிடைத்திருக்குமா? தக்கோலத்தை எண்ணி அழுது, அதே மூச்சில் பெரிய கோயிலை எண்ணிப் பூரிப்பவர் ஒன்றை உணர வேண்டும்: முன்னதை மாற்றினால் பின்னது இருந்த இடத்தில் இருக்காது.

கதை எழுதுவோர்க்கு இக்கட்டுப்பாடு இல்லை. 1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வன் வீரநாராயண ஏரிக்கரையில்தான் திறக்கிறது. வடக்கே போருக்குச் செல்லுமுன் இராசாதித்தன் தன் வீரரைக் கொண்டு வெட்டுவித்த ஏரி அது என்னும் வழக்கைக் கல்கி அங்கே எடுத்தாள்கிறார். வாராத ஒரு காலத்தை முழுவதுமாகப் படைக்கவும் கவிஞர்க்கு உரிமை உண்டு. வாதிடுவோர்க்கோ ஒன்றை மட்டுமே மாற்ற உரிமை. அதுவும் அக்காலத்தார் கண்முன் இருந்த ஒன்றை. இராசாதித்தன் கையில் பீரங்கியைக் கொடுப்பது வாதமாகாது.

களத்தில் இருந்திருக்க வேண்டிய ஒருவர் இந்த வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்ததற்குத் திருவொற்றியூரில் சான்று உள்ளது. சேரநாட்டில் பிறந்த அவர் இராசாதித்தனின் உற்ற நண்பர். அவனோடு உடன் மாளும் பேறு வாய்க்கவில்லையே என்று வருந்தி, உலகைத் துறந்து, கங்கையில் நீராடி, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதராகி மடத்தில் அமர்ந்தார். அவரது துயரைச் சொல்லும் அந்த வடமொழிக் கல்வெட்டு சோழன் ஆட்சியாண்டில் பொறிக்கப்படவில்லை. கன்னரதேவனின் ஆட்சியாண்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.