வெற்றிடம் விடாத தணிக்கை

(திருப்பூரில் நடைபெற்ற தமிழுணர்வாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)

 

துணியை வெட்டினால் வெட்டிய துண்டு தரையில் கிடக்கும். அதை 'வேசுட்டு' என்று மூட்டை கட்டி விற்கவும் செய்கிறீர்கள். ஆனால் ஓர் அரசு செய்தியை வெட்டும்பொழுது, வெட்டிய துண்டு எங்கே கிடக்கிறது? வெட்டியவர் யார்? எந்தச் சட்டப்படி வெட்டினார்? இன்று நான் கேட்க வந்திருப்பது இவ்வினாக்களைத்தாம்.

1975 சூன் 25-ஆம் நாள் இரவில் இந்திரா காந்தி அம்மையாரின் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. மறுநாளே செய்தித்தாள்கள்மீது முன்தணிக்கை பாய்ந்தது. சூன் 28 அன்று 'இந்தியன் எக்சுபிரசு' நாளிதழ் தன் ஆசிரியவுரைக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டு வெளிவந்தது. ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் படித்தவர் அனைவர்க்கும் பொருள் விளங்கிற்று. சில நாள்களிலேயே தில்லித் தணிக்கையாளர் புதிய கட்டளை பிறப்பித்தனர். ஆசிரியவுரைப் பகுதியை வெறுமையாக விடக் கூடாதாம். பெரியோர் பொன்மொழிகளை இட்டு நிரப்பவும் கூடாதாம்! எழுதியதைக் காட்டிலும் எழுதாமல் விட்ட இடத்திற்கே அவ்வரசு மிகுதியாக அஞ்சியது. வெட்டுக்காயம் வெளியே தெரிந்துவிட்டால் வெட்டியவன் யாரென்ற வினாவும் உடன் எழுந்துவிடுமன்றோ?

தமிழ்நாட்டில் 1976 சனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. 'மிசா' என்னும் கொடுஞ்சட்டத்தின்கீழ் நூற்றுக்கணக்கானோர் சிறைபுகுந்தனர். சிறைப்பட்டோர் பெயர்களை வெளியிடத் தணிக்கை இடந்தரவில்லை. பிப்ரவரி 3 அறிஞர் அண்ணாவின் நினைவுநாள். அன்று 'முரசொலி'யில் கலைஞர் கருணாநிதி, அண்ணா நினைவிடத்திற்கு மலர் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பெயர்ப்பட்டியலை வெளியிட்டார். ஏன் வர இயலவில்லை என்று ஒரு வரியும் அதில் இல்லை. தன் மகன் எங்கே போனான் என்று அறியாதிருந்த தாய்க்கு அப்பட்டியலே விடை. தி.மு.க.வோடு நமக்குக் கருத்து மாறுபாடுகள் பல உண்டு; எனினும் அப்பட்டியலின் அருமையை மறைப்பது முறையாகாது. அதே காலத்தில் சென்னைச் சிறையில் அடியுண்ட சிட்டிபாபு 1977-இல் மாண்டார். அச்சிறையில் நடந்த கொடுமைகள், ஆட்சி மாறி, இசுமாயில் ஆய்வுக்குழு உசாவிய பின்னரே முழுமையாக வெளிவந்தன.

ஒரே கட்சி ஆளும் சீனத்தைப் பாருங்கள். பெய்சிங்கில் 1989 சூன் 4 அன்று படைவீரர் மக்களைச் சுட்டனர். அந்நாளைக் குறிக்கும் சொற்களை அங்குள்ள இணையத் தணிக்கை வடிகட்டி எடுத்துவிடுகிறது. சீன மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? சூன் 4 என்று எழுதாமல் 'மே 35' என்று எழுதினர். மே மாதத்திற்கு 31 நாள். மேலும் நான்கு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டியது படிப்பவர் பொறுப்பு. பிறகு 'மே 35'-உம் வடிகட்டியில் சிக்கியது. முரசொலியின் பட்டியலும் மே 35-உம் ஒருவயிற்றுப் பிள்ளைகளே. தானே மக்கள், தன்னை மறுப்பவன் மக்களுக்குப் பகைவன் என்பதுதான் ஒற்றைக்கட்சி ஆட்சியின் கொள்கை. அக்கொள்கை ஓர் ஆட்சியின் உள்ளத்தில் புகுந்துவிட்டால், தேர்தல் நடந்தால் என்ன, பல கட்சிகள் இருந்தால் என்ன, வெட்டும் கை ஒன்றாகத்தான் இருக்கும்.

நம் நாட்டின் இன்றைய நிலைக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-அ பிரிவு, நாட்டின் இறையாண்மை, காப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது அமைதி முதலிய கரணியங்களைக் காட்டி, இணையத்தில் உள்ள எதனையும் மறைக்க நடுவணரசுக்கு உரிமை தருகிறது. 2009-இல் வகுக்கப்பெற்ற விதிகளில் 16-ஆம் விதி, இவை பற்றிய முறையீடுகளும் நடவடிக்கைகளும் கமுக்கமாக வைக்கப்பெற வேண்டும் என்கிறது. இதுதான் இக்காலத்து வித்தை! அன்றைய தணிக்கையாளன் வெற்றிடம் விடாதே என்று கட்டளையிட வேண்டியிருந்தது. இன்றைய தணிக்கை தானே வெற்றிடமின்றி வெட்டிக்கொள்கிறது. பக்கம் திறக்கவில்லையெனில் நாம் என்ன நினைக்கிறோம்? 'டவர் கிடைக்கவில்லை' என்று கைப்பேசியை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

2025 பிப்ரவரியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்கா நம் நாட்டவரைக் கையில் விலங்கிட்டு வானூர்தியில் திருப்பியனுப்பியது. அதனைச் சுட்டி, தலைமையமைச்சர் மோதி விலங்கோடு திரம்பின் அருகே அமர்ந்திருப்பதாக விகடன் குழுமத்தின் இணைய இதழ் ஒரு கருத்துப்படம் வெளியிட்டது. பிப்ரவரி 15 மாலையிலிருந்து விகடன் இணையத்தளமே பலருக்குத் திறக்கவில்லை. ஆணை எதுவும் கைக்கு வருமுன்னரே தளம் மறைந்துவிட்டது. குற்றம் என்று சொல்லப்பட்டது ஒரேயொரு படம். முடக்கப்பட்டதோ நூற்றாண்டுப் பழமையுடைய ஒரு தமிழ் இதழ்க்குழுமத்தின் முழுத்தளம்! மார்ச்சு 6 அன்று சென்னை உயர் முறைமன்றம், அப்படத்தை அப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்றது. தளம் மீண்டது, படம் மறைந்தது. விகடனின் போக்கில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. அவர்தம் தமிழ்நடை குறித்தும் சொல்ல நிறைய உண்டு. ஆயினும் அதைத் திருத்த வேண்டியவர் படிப்பவரே அல்லாமல் தில்லியிலிருக்கும் ஓர் அமைச்சகம் அன்று.

தில்லியை மட்டும் குறை சொல்லி நாம் நல்லவர்களாகிவிட முடியாது. 1987-இல் ம.கோ. இராமச்சந்திரன் ஆட்சியில், அட்டையில் வந்த ஒரு கருத்துப்படத்திற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியன் அவர்களுக்குச் சட்டமன்றமே மூன்று மாதக் கடுஞ்சிறை விதித்தது. மக்கள் கொதித்தெழவே சில நாள்களில் விடுவிக்கப்பட்டார். 2018 மே 22-இல் தூத்துக்குடியில் இசுடெர்லைட்டு ஆலையை எதிர்த்துச் சென்ற மக்கள்மீது காவல்துறை சுட்டது. அன்றும் மறுநாளும் நடந்தவற்றால் 13 உயிர்கள் போயின. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தைத் துண்டிக்க ஆணையிட்டது தமிழ்நாட்டரசின் உள்துறைதான். புரளி பரவாமல் தடுக்கவாம். பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு உண்மையும் அல்லவா எட்டாமற்போயிற்று?

தோழர்களே, இதெல்லாம் எங்கோ நடப்பது, திருப்பூருக்கு என்ன என்று எண்ணாதீர்கள். நூல் ஓரிடத்தில், பின்னல் ஓரிடத்தில், சாயம் ஓரிடத்தில், தையல் ஓரிடத்தில் என்று பிரிந்து கிடக்கும் தொழில் உங்களுடையது. நிறமாதிரி சரியா என்று கேட்பது புலனத்தில். சரக்குவண்டிக்கு வழிச்சீட்டு எடுப்பது இணையத்தில். கூலி வந்து சேர்வது வங்கிக் கணக்கில். ஒருநாள் துண்டித்தால் கப்பலேற வேண்டிய சரக்கு கிடங்கில் நிற்கும். முதலாளி இழப்பை எப்படியேனும் ஈடுகட்டுவார். துண்டுக் கணக்கில் கூலி வாங்கும் பெண் எங்குப் போவாள்? உங்கள் பக்கத்து இருக்கையில் தைக்கும் பீகார்த் தொழிலாளியைக் கேளுங்கள். 2022 சூனில் படைச்சேர்ப்புத் திட்டத்தை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்தபொழுது அவன் நாட்டில் பல மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. காசுமீரில் 2019 ஆகத்து மாதம் பறித்த விரைவு இணையத்தை, 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திருப்பித் தந்தார்கள்.

'பொய் பரவினால் என்ன செய்வது?' என்று சிலர் கேட்பர். வேண்டிய வினாதான். அதற்கு விடை உங்கள் ஊரிலேயே கிடைத்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கிக் கொல்லப்படுகின்றனர் என்று பொய்க் காட்சிகள் வடக்கே பரவின. பலர் அஞ்சி ஊர் திரும்ப முற்பட்டனர். பகைமூட்டுவோர்க்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. காவல்துறைத் தலைவர் அக்காட்சிகள் எங்கு, யாரிடையே நடந்தவை என்று வெளிப்படையாக விளக்கினார். ஒன்று வடநாட்டுத் தொழிலாளரின் இரு குழுக்களுக்குள்ளேயே நடந்த சண்டை. பீகார் அரசின் குழுவொன்று நேரில் வந்து பார்த்துச் சென்றது. திருப்பூர் மாவட்ட ஆட்சியமைப்பு அத்தொழிலாளரிடம் அவர்தம் மொழியிலேயே பேசி உதவி எண்களைத் தந்தது. பொய்யைப் பரப்பியோர்மேல் வழக்குகள் பதிவாயின. அமைதி திரும்பிற்று. இணையத்தை அறுக்கவில்லை! இந்தித் திணிப்பை எதிர்க்கும் நாம் இதிலென்ன குறை காண முடியும்? அஞ்சி நிற்பவனிடம் அவன் தாய்மொழியில் பேசுவது வேறு. நம் தாய்மொழிமேல் இன்னொன்றை ஏற்றுவது வேறு. அன்று தொடர்பைத் துண்டித்திருந்தால், பீகாரிலிருந்த தாய்க்கு மகன் உயிரோடிருக்கிறான் என்ற செய்தி போயிராது, பொய்தான் நிலைத்திருக்கும்.

எனவே எதையுமே தடுக்கக் கூடாது என்று நான் வழக்காட வரவில்லை. கொலைவெறியைத் தூண்டும் சொல்லைத் தடுக்க அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் வெட்டினால் வெட்டிய இடம் தெரிய வேண்டும். இன்னாரது ஆணை, இன்ன கரணியம், இத்தனை நாள் என்று எழுத்தில் வர வேண்டும். இதுவும் புதுக்கோரிக்கையன்று. அனுராதா பாசின் வழக்கில் 2020 சனவரி 10 அன்று உச்ச முறைமன்றம், இணையத்தை வரம்பின்றித் துண்டிப்பது செல்லாது, துண்டிக்கும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. தீர்ப்பு இருக்கிறது; கேட்பார்தாம் இல்லை. கேட்போம், தமிழிலேயே கேட்போம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, அவ்வப் பகுதியின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்க இடந்தருகிறது.

விண்ணப்பமொன்றை எழுதி வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டரசின் உள்துறையிடம் மூன்று வினாக்கள்: 2018 முதல் இன்றுவரை இணையத்தைத் துண்டித்துப் பிறப்பித்த ஆணைகள் எத்தனை, அவற்றை மீளாய்வுக் குழு எந்தெந்த நாள்களில் பார்த்தது, அவற்றுள் எவை தமிழில் வெளியிடப்பட்டன? படிகள் வாயிலருகே மேசைமேல் இருக்கின்றன. பத்து உருபா கட்டணம். கையெழுத்திடும்போது முழு முகவரியையும் எழுதுங்கள். விடை அஞ்சலில் உங்கள் வீட்டிற்கே வர வேண்டும்.