இயந்திரமா, ஏழையா?

(திருநின்றவூர் சபையாரிடையே மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



"எங்கள் காணிக்கை இயந்திரம் வாங்கவா, ஏழைக்கு வைத்தியம் செய்யவா?" என்று உங்களில் சிலர் எங்களைக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நம் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அந்நாட்களில் மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளிக்குக் கடும் தலைவலி வரும். அறைகள் விலகியிருக்கும் விதத்தைக் கொண்டு கட்டி எந்தப் பக்கம் என்று ஊகிப்பார்கள். 1971-ல் லண்டனில் நோயாளி ஒருவருக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்ட பிறகே, மண்டை ஓட்டைத் திறக்காமல் மூளையையே காண வழி பிறந்தது.

ஆனாலும் நேற்று எடுத்த படம் ஆபரேஷன் மேஜையில் அப்படியே பொருந்துவதில்லை. மண்டை ஓட்டைத் திறந்ததும் மூளையைச் சூழ்ந்த நீர் வடிகிறது. மூளை சற்றே அமிழ்ந்து இடம் மாறுகிறது. ஆகவே ஆபரேஷன் நடக்கும்போதே அல்ட்ராசவுண்ட் கருவியால் மறுபடியும் பார்க்கிறார்கள். 1994-ல் பாஸ்டன் நகரில் எம்.ஆர்.ஐ. இயந்திரமே ஆபரேஷன் அறைக்குள் வந்தது. கட்டியில் மிச்சம் இருக்கிறதா என்பது தையல் போடுமுன்னே தெரிந்துவிடும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவி மேஜையைச் சுற்றி வளைந்து நின்று, இது எத்தனையாவது எலும்பு, ஸ்க்ரூ எங்கே போகிறது என்று காட்டும். ஸ்க்ரூ சில மில்லிமீட்டர் விலகினாலும் நரம்பு பாதிக்கப்படலாம். அவர் கால்களை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது.

ஆகவே இயந்திரமும் ஏழைக்குச் செய்யும் வைத்தியமே. ஆனால் கட்டணத்துக்குப் பயந்து ஏழை வாசலிலேயே திரும்பிப் போனால், அந்த இயந்திரத்தால் நமது ஊழியத்துக்குப் பயனில்லை. எனவே கருவி நிதிக்குக் கொடுப்பவர்கள் ஏழை நோயாளர் நிதியையும் மறவாதிருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

தாயின் கர்ப்பத்தில் நம்மை உருவாக்கினவருக்குப் படம் தேவையில்லை. அவருடைய பணியைச் செய்யும் மனிதக் கைகளுக்குத் தேவை. தியேட்டர் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களோடு நாங்கள் ஜெபிக்கிறோம், நீங்களும் ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.