வீட்டிலிருந்தபடியே ஓர் ஆராய்ச்சி

(நெய்வேலியில் கூடிய ஆதரவாளர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



கல்லூரியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகைகள் கிடைக்கின்றன. ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டாம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்தால் போதும். "இதெல்லாம் உண்மையான ஆராய்ச்சிதானா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஷிப்டுக்குப் போய் மண்ணை வெட்டி நிலக்கரி எடுக்கிற ஊரில் இது நியாயமான கேள்வியே.

காசநோயை எடுத்துக்கொள்வோம். மிஷன் மருத்துவமனைகளுக்கு அது பழைய எதிரி. உங்கள் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய அதே 1956-ல், சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஆரம்பமாயிற்று. சானடோரியத்தில் படுத்தால்தான் சுகம் என்று நம்பிய காலம் அது. அங்குள்ள மருத்துவர்கள் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959 முதல் வெளியான முடிவுகள்: சுகமடைவதில் பெரிய வித்தியாசமில்லை, வீட்டாருக்கும் அதனால் அதிகமாய்த் தொற்றவில்லை. வீடு என்றால் குறைவு என்ற எண்ணம் அன்றே ஒருமுறை உடைந்தது.

1998-ல் காசநோய்க் கிருமியின் மரபு எழுத்துகள் முழுவதும் வாசிக்கப்பட்டன. ஏறக்குறைய 44 லட்சம் எழுத்துகள், 4,000 மரபணுக்கள். பலவற்றின் வேலை என்னவென்று தெரியவில்லை. சி.எஸ்.ஐ.ஆர். 2008-ல் தொடங்கிய திறந்தமுறை மருந்து கண்டுபிடிப்புத் திட்டம், நாடெங்குமுள்ள மாணவர்களை இண்டர்நெட் வழியாய்ச் சேர்த்தது. நூற்றுக்கணக்கானோர் அவரவர் ஊரிலிருந்தே கட்டுரைகளை வாசித்து, மரபணு மரபணுவாய்க் குறிப்பெழுதினார்கள். 2010-ல் தொகுப்பு அறிவிக்கப்பட்டது; 2012-ல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. (அறிவித்தபோது எழுந்த ஆரவாரம் சற்று அதிகந்தான். அதிலிருந்து புதிய மாத்திரை எதுவும் நோயாளியின் கைக்கு வந்துவிடவில்லை.)

அப்படியானால் நோயாளிக்கு என்ன பிரயோஜனம்? எந்த மருந்துக்குக் கிருமி மடியாது என்பதைச் சளியிலிருந்து அதை வளர்த்துப் பார்த்து அறியப் பல வாரங்கள் செல்லும். அதுவரை அவர் பலிக்காத மருந்தை விழுங்குவார். இருமலில் வீட்டாருக்கும் பரப்புவார். ரிஃபாம்பிசின் பலிக்காமற்போவதற்குப் பெரும்பாலும் ஒரே மரபணுவில் ஓரிரு எழுத்துகள் மாறியிருப்பதே காரணம். அந்த இடத்தைச் சோதிக்கும் கருவி இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து கெடும் என்ற பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்டது. 38,000-க்கு மேற்பட்ட கிருமி மாதிரிகளை ஒப்பிட்டுச் செய்தது அது. ஒப்பிட்டது கம்ப்யூட்டரில்தான்.

இரண்டு மாதத்தில் ஒரு மாணவி இப்படிப்பட்ட பட்டியலைச் செய்து முடிக்கமாட்டாள். பொதுவில் வைக்கப்பட்டுள்ள எழுத்துத் தொகுப்பை இறக்கி, பிழையானதைக் களைந்து, ஒரு சிறு கேள்விக்கு விடை தேடுவாள். பாதி நாள் புரோகிராம் ஓடாமல் நிற்கும். வழிகாட்டி வாரம் ஒருமுறை திரையில் வருவார். அவர் அக்கறையற்றவரானால் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும். ஆகவே சேருமுன் கேளுங்கள்: வழிகாட்டி யார், கேள்வி எது, வாரம் எத்தனை மணி நேரம்? உங்களிடமே பணம் கட்டச் சொன்னால் அது உதவித்தொகை அல்ல.

இன்னொன்று. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் பலருடைய வீட்டில் தனி மேசை கிடையாது. இரண்டு மாதமும் செல்போனில் இந்த வேலையைச் செய்ய முடியாது. உங்கள் சபை மண்டபங்கள் வார நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. அங்கே ஒரு மேசை, நல்ல இண்டர்நெட் இணைப்பு, சாயங்காலம் கதவைத் திறந்துவிட ஓர் ஆள்; இவ்வளவையும் உங்கள் கமிட்டி இந்தக் கோடைக்குள் யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.