கஞ்சி குடித்துத் தப்பியவர்களின் பசி



2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், இலங்கையின் இறுதிப் போருக்குள் அகப்பட்டு, வன்னியின் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு மே மாதமும் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்து, செத்தவர்களை நினைக்கிறோம். இன்று நான் பேச வந்தது, அன்று அதே கஞ்சியைக் குடித்து உயிர் தப்பியவர்களைப் பற்றி.

வீடு உறங்கிய பிறகு ஒரு தாய் குசினிக்குள் போகிறா. பசியில்லை. ஆனாலும் பானையில் கிடப்பதை அவசர அவசரமாக அள்ளித் தின்கிறா. நிறுத்த முடியவில்லை. வயிறு நோகும்வரை தின்றுவிட்டு, தன்னையே வெறுத்து அழுகிறா. வாரத்துக்கு ஒருமுறையாவது இப்படி மூன்று மாதம் தொடர்ந்தால் அது நோய். கட்டுக்கடங்காமல் உண்ணும் இந்த நோயை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் தனி நோயாக ஏற்றார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் அது இருக்கிறது. நாங்களோ சாப்பாட்டு ராமன் என்று கேலி பண்ணுகிறோம்!

பட்டினிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1944இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களைச் சேர்த்து, அவர்கள் சம்மதத்துடன் ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். எடையில் கால்பங்கு போனது. எரிச்சலும் மனச்சோர்வும் வந்தன. பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது சிலர் வயிறு முட்டத் தின்றும் பசி ஆறாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் கைதிகளாய்ப் பட்டினி கிடந்த படைவீரர்களைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதும், சிறைப்படாத வீரர்களைவிட அவர்களிடம் இந்தக் கட்டுமீறல் கூடுதலாக இருந்தது.

அந்த 36 பேருக்கும் பட்டினி முடியும் நாள் முன்கூட்டியே தெரியும். எங்கள் சனத்துக்குத் தெரியாது. தலைக்கு மேல் ஷெல், பக்கத்தில் பிணம், பிறகு இடம்பெயர்ந்தோரை அடைத்த மெனிக் பாம் முகாமில் சாப்பாட்டுக்கு வரிசை.

கட்டுக்கடங்காமல் உண்ணும் இந்த நோய் பெரும்பாலும் தனியே வருவதில்லை. மனச்சோர்வு, பதகளிப்பு, நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு, இவற்றில் ஏதோ ஒன்றோடு சேர்ந்தே வருகிறது. போர் முடிந்த கையோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த ஆய்வு, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பதகளிப்பும், ஐவரில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வும் இருக்கக் கண்டது. வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றிப் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இலேயே எழுதினார். இத்தனையும் சுமக்கும் மனம் சோற்றில் கொஞ்ச நேரம் மரத்துப்போகத் தேடுவதில் என்ன அதிசயம்?

அந்தத் தாய் சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகிறா. "சோத்தைக் குறையுங்கோ" என்று ஏச்சு விழுகிறது. வெட்கத்தில் பகல் முழுக்கப் பட்டினி கிடக்கிறா. பட்டினி கிடந்த உடல் இரவில் இன்னும் மூர்க்கமாய்க் கேட்கும். ஏச்சே நோயை வளர்க்கிறது. வேளைக்கு வேளை ஒழுங்காய்ச் சாப்பிட வைப்பதும், கை பானைக்குப் போகுமுன் மனதில் என்ன ஓடியது என்று சேர்ந்து பார்ப்பதும், கூடவே இருக்கும் சோர்வுக்கு மருந்தும்தான் சிகிச்சை. இது குணப்படுத்தக்கூடிய நோய்.

எடை பார்க்கும் தாதியரே, வீடு வீடாய்ப் போகும் குடும்பநல உத்தியோகத்தரே, உங்களிடம் கேட்கிறேன்: "இரவில தனிய இருந்து, நிறுத்தேலாமல் சாப்பிடுறனீங்களோ அம்மா?" என்று தணிந்த குரலில் கேளுங்கள். ஓம் என்றால் ஏசாமல் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். நேரில் வரக் கூச்சப்படுபவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.